மூன்றாம் தொட்டித் தவளைக்கு மஞ்சள் பூசியது பற்றி

மேடம்,

எங்கள் இண்டூரில் இன்று மஞ்சள் வேகவைக்கிறார்கள். காலையிலிருந்து தெரு முழுக்க அந்த ஆவிதான். எத்தனையோ வருடமாக இந்த வாசனை வந்தாலே நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். இன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை. மை தடவிய கட்டைவிரலைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

பெங்களூரில் உங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்துக்கொண்ட தவளைகள் நம் ஏரித் தவளைகள் அல்ல. ஆப்பிரிக்க வகை. தட்டை உடம்பு, பின்காலில் நகம், தண்ணீரை விட்டு வெளியே வராது. முந்தின நாள் நீங்கள் ஊசி போட்டால், மறுநாள் நான் வரும்போது உப்புத் தண்ணீரில் முட்டை கிடக்கும். ஜவ்வரிசி மாதிரி, பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. உப்பிக் கெட்டதைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. மீதியைக் குழாயில் அடைத்து எந்திரத்தில் சுற்றவிடுவீர்கள். முட்டைகள் நசுங்கி, நடுவில் இளம் தேன் நிறத்தில் ஒரு சாறு நிற்கும். அதை ஊசியால் உறிஞ்சி ஐஸில் வைப்பீர்கள்.

"முட்டைய ஒடச்சிட்டா அப்புறம் அதுல என்னாங்க மேடம் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்ட இடிச்சாலும் உள்ள இருக்கறவங்க வேலைய நிறுத்தலீங்க அண்ணா," என்றீர்கள். "இந்தச் சாறுல ஆயிரக்கணக்குல புரதம் இருக்கு. ஒண்ண மட்டும் வெளிய எடுத்துருவேன். எந்த வேலை நிக்குதுன்னு பாப்பேன். மறுபடி அதையே போடுவேன். வேலை நடந்துச்சுன்னா, அது யாரு வேலைன்னு தெரிஞ்சிரும்."

"நான் லீவு போட்டாத்தான் தொட்டி கழுவறது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுது. அந்த மாதிரிங்களா?"

"அதேதான். நீங்களும் ஒரு புரதம்."

தினமும் காலையில் எந்தத் தவளை தின்றது, எது தின்னவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வீர்கள்.

ஒரு கோடையில் மூன்றாம் தொட்டித் தவளைக்குத் தொடையில் சிராய்ப்பு. மாட்டுக்குப் புண் வந்தால் நாங்கள் யாரைக் கேட்கிறோம்? ஊரிலிருந்து கொண்டுபோன மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டேன். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கும் என்று நீங்கள் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வரும்.

மறுநாளிலிருந்து சாறு வேலை செய்யவில்லை. எந்தப் புரதத்தையும் எடுக்காமலே எல்லாம் நின்றுபோனது. பதினாறு நாள். நீங்கள் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். வேலை போய்விடும் என்று பயம். வாய் திறக்கவில்லை. பிறகு சாறு சரியாகிவிட்டது, எனக்குத்தான் சரியாகவில்லை.

ஊருக்கு வந்தபோது மாதா கோயிலில் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரித்துவிட்டார்.

"சவரிமுத்து, தவளைக்கு மஞ்சள் பூசக் கூடாதுன்னு எந்தக் கட்டளையில வருது?"

"பூசுனது இல்லீங்க சாமி. சொல்லாம இருக்கறது."

சிரிப்பு நின்றது. "அப்ப எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? அந்தம்மாகிட்ட போயி சொல்லு."

சொல்லவில்லை. நான் வேலையை விட்டு நின்ற அன்று அந்த நோட்டை என் கையில் கொடுத்தீர்கள். "யாரையும் படிச்சுக் காட்டச் சொல்லாதீங்க அண்ணா. நீங்களே படிங்க." கைநாட்டுக்காரனைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

போன ஐப்பசியில் நீங்கள் போய்விட்டதாகப் போன் வந்தது. இனி சொல்வதற்கு ஆளே இல்லை. நோட்டையாவது படிப்போம் என்றுதான், பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன்.

இந்த வாரம் அந்தக் கோடைக்கு வந்து சேர்ந்தேன். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக.

"மூன்றாம் தொட்டித் தவளை தொடையில் மஞ்சள். அண்ணன் பூசியிருக்கிறார். முட்டைகளைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் கெடுதல் இல்லை."

இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று.

"சுற்றும் எந்திரத்தில் குளிர் நின்றுபோயிருக்கிறது. இத்தனை நாளும் சாறு சூட்டில் கெட்டிருக்கிறது. முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் தன்னால்தான் என்று நினைத்து முகம் வாடித் திரிகிறார். அவராகச் சொல்லட்டும் என்றிருந்தேன். இப்போது என் தப்பை அவரிடம் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது."

அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது மேடம். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது மாதிரி, வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். ஒரே அறையில், ஒரே விஷயத்தை ஒளித்துக்கொண்டு, இரண்டு பேரும் எத்தனை வருடம் தவளைக்குத் தீனி போட்டிருக்கிறோம்.

"தாத்தா, அடுத்த பாடத்துக்குப் போலாங்களா?" என்கிறார் டீச்சர். போகிறேன். ஆனால் தினமும் காலையில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறேன். இப்போது விரல் வைக்காமலே வருகிறது.