வளர்த்தவர்: பொடிசு

அன்புள்ள மகாராணிக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழைய வாய்ப்பழக்கத்தில் அப்படியே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் நலம்தான். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ருசிதான் தெரிவதில்லை. உன் அக்காவுக்கு முதுகுவலி தேவலையா? சகலையை விசாரித்ததாகச் சொல். இங்கே குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வந்து உற்றுப் பார்த்து, "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்ததோடு சரி.

போனில் பால்சம் செடியைப் பற்றிக் கேட்டாயே, இருக்கிறது. நம் பொடிசு விதை போட்ட அதே தொட்டியில், பால்கனி மூலையில். அவள் போன பிறகுதான் பூத்தது. இப்போது அடி இலைகள் பழுத்துவிட்டன. ஒரு பருவத்துச் செடி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இனி நிற்காது. காய்கள் முற்றிவிட்டன, தொட்டால் வெடிக்கும். வெடிக்க வைப்பதற்காகத்தான் அவள் விதையே போட்டாள். நான் தொடவில்லை.

தாவரவியல் ஆபீசுக்கு வரைகிற செடியை எப்போதும் கிளையோடு வெட்டி, டம்ளர் தண்ணீரில் வைத்துத்தான் வரைவேன். இதை வெட்ட மனசு வரவில்லை. மேசையைப் பால்கனிக்கு இழுத்துப்போட்டு வரைந்தேன். வெள்ளைப் பூவுக்கு வர்ணம் கிடையாது. ஓரத்தில் நிழல் கொடுத்து, தாளை அப்படியே விட்டுவிடுவோம். நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது.

படத்தின் அடியில் செடியின் பெயர், வரைந்தவர், வளர்த்தவர் என்று எழுதுவது எங்கள் வழக்கம். 'வளர்த்தவர்: பொடிசு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் மேடம் புதிது, சமீபத்தில்தான் மாற்றலாகி வந்தார், நம் வீட்டு விஷயம் தெரியாது. "யாரு சார் இந்தப் பொடிசு?" என்று சிரித்தார். என் மகள் என்றேன். என்ன படிக்கிறாள் என்று கேட்டார். "ரெண்டாவது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த நிமிஷம் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மேடம் ஒரு கலர் பென்சில் பெட்டி கொண்டுவந்து, குழந்தையிடம் கொடுக்கச் சொன்னார். "வெள்ளிக்கிழமை படத்த மாட்டுறோம் சார். வீட்டுல அவங்களையும் குட்டியையும் கூட்டிட்டு வந்துடுங்க, அவளே தொறந்து வைக்கட்டும்" என்றார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். மடையன் மாதிரி நன்றி வேறு சொன்னேன். பெட்டி இப்போது சமையல் மேடையில் கிடக்கிறது. எங்கே எடுத்து வைப்பது என்று புரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னவள் நீ. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் இன்றுவரை என் வாயில் வந்ததில்லை. இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். வந்துவிடும்மா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்