கொடிக்கயிறு

அன்புத் தங்கச்சிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்க அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் துணி எதுவும் காயவில்லை. கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனசுக்குப் பார்க்கிற டாக்டர் அங்கே ஒருத்தர்தான்; அவர் அறை முழுக்கப் பொம்மை.

"இவர் குழந்தைங்க டாக்டர். பெரியவங்களை இங்க பாக்கறதில்லம்மா" என்றாள் நர்ஸ்.

"இவரும் குழந்தைதான். ஊட்டினாத்தான் சாப்பிடறாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏதாவது பண்ணிக்கிட்டா அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டு வாங்க. உடனே பாப்பாங்க."

அத்தான் சிரித்தார், எத்தனையோ மாதம் கழித்து. "வழி சொல்லிட்டாங்க பாத்தியா?" என்றார்.

நீ கிளம்பி வாடி. நான் தூங்கும்போது அவரோடு சீட்டாட ஒரு ஆள் வேண்டும்.

இன்று ஈரத்துணியை அடுப்புப் பக்கம் விரித்தேன். அவருடைய நல்ல சட்டையில் கழுத்துப்பட்டை மட்டும் கருகிவிட்டது.

உன் அக்கா