நீல வண்டியும் எங்கள் பட்டறை ரப்பரும்

ஜூன் 1, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்கே நல்ல வெளிச்சம். பாலக்காட்டுக் காற்று ஆரம்பித்துவிட்டது. மழை இல்லை.

நீல வண்டி ரோட்டில் இறங்கியது. இரண்டு வருஷம், நான்கு மாத வேலை. காயலான் கடையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய பிக்கப், இன்று மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸோடு பஸ்ஸாக. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து காரமடை வரை போய்த் திரும்பினேன். வீரபாண்டிப் பிரிவு வரை பயம். அப்புறம் கொஞ்சம் பரவாயில்லை.

கவனித்தவை:
– வைப்பர் ஒன்றுதான் அசைகிறது. அதுவும் என் பக்கம் இல்லை.
– ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவது போல.
– இடது முன்சக்கரம் தொட்டால் லேசாகச் சூடு, பிரேக் உரசுகிறது. புது லைனிங். அப்படித்தான் இருக்கும்.

எஃப்.சி. சான்று வாங்கி மூன்று வாரம். அன்றைக்கு பிரேக் அடித்தவுடன் கும்மென்று நின்றது. இன்றும் நின்றது. ஆனால்... ஒன்றுமில்லை.

காரமடை டீக்கடையில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாமானெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக போர்வெல் பம்புக்கு உதிரி பாகம் செய்கிறவன், நான் எதற்கு வெளியே போக வேண்டும் என்றேன். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, அதற்கும் நானே டை, அதாவது அச்சு, வெட்டினேன், எங்கள் வீட்டம்மா தனம் பிரஸ்ஸில் வார்த்தாள் என்றேன். சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. தற்பெருமைதான். யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

வானம் மூடம். தூறல் மட்டும்.

தங்கச்சி வசந்தி பொள்ளாச்சியிலிருந்து போன். வருகிற ஞாயிறு அவள் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். சீர் கொண்டுபோவது, பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அழைத்து வருவது, நெற்றியில் பட்டம் கட்டுவது எல்லாம் என் பாடு.

காவ்யா இடையில் போனைப் பிடுங்கிக்கொண்டு, "மாமா, எனக்குக் காரெல்லாம் வேண்டாமுங்க. உங்க நீல வண்டியிலதான் மண்டபத்துக்கு வருவேன்" என்றாள். யோசிக்கும் முன்பே சரி என்றுவிட்டேன். முதலில் என் வாய்க்குத்தான் பிரேக் வைத்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து அவள் அப்பா, என் தங்கச்சி புருஷன் சிவக்குமார் மாப்பிள்ளை, "பாதி வழியில நின்னுபோச்சுன்னா சொல்லுங்க மச்சான், டிராக்டர் அனுப்பி உடறேன்" என்றார். நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். கொப்பரைக் களத்தில் இருந்திருப்பார்கள். அவருக்குக் கல்யாணமான நாள் முதல், இருபத்தைந்து வருஷமாக இதே கதை. என் மொபெட்டைக் கேலி, என் முதல் லேத்தைக் கேலி, என் தொந்தியைக் கேலி. இனி காரில் போய் இறங்கினால் சாகும்வரை சொல்வார்.

தனம் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள். அவள் சொன்னது சரி. அதனால்தான் கோபம் வந்தது.

ஜூன் 4, புதன்

வெயில். பலத்த காற்று, பட்டறைக் கூரைத் தகடு படபடவென்று.

ஆறு மூட்டை சிமென்ட் ஏற்றி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை. பாரத்தோடு எப்படி என்று பார்க்க.

நன்றாக இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பிடி விடவில்லை. பெடல் கல் மாதிரி. தாழ்வான இடத்தில் நியூட்ரலில் விட்டால் தானாக உருள வேண்டாமா? உருளவில்லை. இடது முன்சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. லேசான புகை. இடது பக்கம் வேறு இழுக்கிறது.

பிரேக் அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்தினேன். சரியானது. அரை மணி நேரத்தில் பழையபடி.

என்ன நாற்றம் என்று தனம் கேட்டாள். புது லைனிங் என்றேன். இத்தனை வருஷம் பிரஸ்ஸில் ரப்பர் வார்ப்பவளிடம் போய் ரப்பர் வாசனையை லைனிங் என்கிறேன். அவள் சக்கரத்தைக் குனிந்து மோந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பொய் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்

பயமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் குறையுமா என்று எழுதுகிறேன்.

செய்யக்கூடியவை:
1. பேசாமல் காரில் போவது.
2. நான்கு சக்கரமும் பிரிப்பது. பிரித்தாலும் மாட்டுவதற்கு இருப்பது அதே ரப்பர்.
3. பிரேக் சரியில்லை என்று வாய் விட்டுச் சொல்வது.

மூன்றையும் செய்யவில்லை. வண்டிக்கு மெழுகு போட்டுத் துடைத்தேன். நான்கு மணி நேரம். பானெட்டில் என் முகம் தெரிகிறது, அது ஒரு லட்சணமாக இல்லை.

லேத் ஓட்டும் ராணி பக்கத்து மிஷின்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது: "முதலாளிக்கு ஊட்டுல கல்யாணமா, இல்ல பரீட்சையா?"

மதியம் சோறு வேண்டாம் என்றேன். மோர் மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

சீர் ஏற்றியாயிற்று. பட்டுச் சேலை, வேட்டி, குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளை அண்டா, அரிசி, வெல்லம், வாழைத்தார் இரண்டு, பழத்தட்டு ஏழு, தேங்காய் ஐம்பத்தொன்று. பொள்ளாச்சிக்குத் தேங்காய் கொண்டுபோகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் முறை முறைதான்.

சாயங்காலம் தெருவுக்குள் இரண்டு சுற்று. பிரேக் பிடித்தது, விட்டது. இரண்டு தடவையும் விட்டது. சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 7, சனி. வசந்தி வீடு, சாயங்காலம்

ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம், நானும் தனமும். துடியலூர் தாண்டும்போதே பெடல் இறுகத் தொடங்கிவிட்டது. கவுண்டம்பாளையத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உக்கடம் பஸ் ஸ்டாண்டு கிட்டே முன்னால் போன பஸ் நின்றது, நான் பிரேக்கை மிதித்தேன். இடது சக்கரம் மட்டும் கவ்வியது. வண்டி அப்படியே இடது பக்கம் திரும்பியது. அங்கே ஸ்கூட்டியில் ஒரு பெண். முன்னால் யூனிஃபார்ம் போட்ட குழந்தை நின்றுகொண்டிருந்தது.

ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான் இடைவெளி.

அந்தப் பெண் திட்டக்கூட இல்லை. குழந்தையின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

உக்கடம் குளத்துப் பக்கம் ரஹீம் பாய் என்பவரின் பிரேக் கடைக்கு ஊர்ந்து போனோம். டிரம்மைக் கழற்றி, சிலிண்டருக்குள்ளிருந்து ரப்பர் கப்பை எடுத்துக் காட்டினார். ஊறிப்போய் ஒன்றரை மடங்கு. தண்ணீருக்குத் தாங்குகிற ரப்பர் இது, பிரேக் ஆயிலில் போட்டால் ஊறத்தான் செய்யும், ஊறினால் உள்ளேயே கவ்விக்கொள்ளும், ஆயிலுக்கு ரப்பரே வேறு என்றார். இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"கடையில வாங்கினதுங்க பாய்" என்றேன். தனம் பக்கத்தில் நிற்கிறாள். டை என்னுடையது, வார்த்த கை அவளுடையது.

"இத வித்தவனச் செருப்பால அடிக்கோணுங்ணா" என்றார் பாய். தலையாட்டினேன்.

பம்பு ரப்பரில் என்னிடம் கேட்காமல் இந்த வட்டாரத்தில் யாரும் ஒரு வாஷர் வாங்கமாட்டார்கள் என்ற திமிர். டை வெட்டும்போதே தனம் கேட்டாள், ஆயிலுக்குத் தாங்குமா என்று. ரப்பர் ரப்பர்தான் என்று சொன்னேன். நினைவிருக்கிறது, நன்றாகவே.

வண்டி பாய் கடையில். செவ்வாய்க்குள் சரியான கப் தேடிப் போட்டுத் தருவதாகச் சொன்னார். சீரை வாடகை டெம்போவில் மாற்றி ஏற்றினோம். பொள்ளாச்சி வரை தனம் டெம்போ டிரைவரோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

இங்கே வந்து இறங்கியவுடன் சிவக்குமார் மாப்பிள்ளை, "டிராக்டர் கேட்டிருக்கலாமுங்களே மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வண்டியில் சின்னக் கோளாறு என்று மட்டும் சொன்னேன். காவ்யா முகம் வாடியது. வசந்திதான், பழைய வண்டிதானே அவளுக்கு ஆசை, நம்ம ஜீப்பில் மாமனே ஓட்டிக் கூட்டி வரட்டும் என்றாள்.

ஜீப். மாப்பிள்ளையின் பழைய ஜீப்.

அப்போதுதான் உறைத்தது. சித்திரையில் இங்கே வந்தபோது, அந்த ஜீப்புக்கும் அதே அளவு என்று, எட்டு கப்பை ஒரு டப்பாவில் போட்டு மாப்பிள்ளைக்கு நானே கொடுத்தேன். நம்ம பட்டறைச் சரக்கு, ஆயுசுக்கும் போகாது என்று சொல்லிக் கொடுத்தேன். கல்யாணத்துக்காக ஜீப்பை முழுக்கப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். கப்பை மாட்டினாரா இல்லையா?

இரண்டு முறை கேட்கப் போனேன். ஒரு முறை சம்பந்தி வந்துவிட்டார். இன்னொரு முறை யாரும் வரவில்லை. நான்தான் பந்தல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

தனம் கொடியில் துணி எடுக்கும்போது கிட்டே வந்தாள். "மாப்பிள்ளைகிட்ட நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?" என்றாள். நானே சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு. காலை ஆறு மணி

இன்னும் சொல்லவில்லை.

ஜீப்புக்கு மாலை போட்டு, பின்னால் ஜமுக்காளம் விரித்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் பார்க்காதபோது போனேன். கியர் நியூட்ரல். கைபிரேக் இறக்கித்தான் இருக்கிறது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சமதளம்தான்.

அசையவில்லை. என் கப்பைத்தான் மாட்டியிருக்கிறார்.

முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். ஏழரைக்குப் பெண் கிளம்ப வேண்டும். மண்டபத்துக்கு ஐந்து கிலோமீட்டர், நடுவில் மார்க்கெட் ரோடு. இன்று முகூர்த்த நாள். ரோடெல்லாம் ஜனம்.

இப்போது சொன்னால்: இருநூறு சொந்தக்காரர் முன்னால் மானம் போகும்.
சொல்லாவிட்டால்: எழுத மாட்டேன்.

அதே நாள். மண்டபம், மதியம்

சொல்லிவிட்டேன்.

ஏழரை. காவ்யா பட்டுச் சேலையில், ஒரு கால் ஜீப் படியில். வீடியோக்காரர் அப்படியே நில்லுங்கள் என்றார். மாப்பிள்ளை சாவியை என்னிடம் நீட்டினார். வாங்கி ஜேபியில் போட்டுக்கொண்டு காவ்யாவின் கையைப் பிடித்து இறக்கினேன்.

"மாப்ள, இந்த வண்டி வேண்டாமுங்க. நாங் குடுத்த ரப்பர் தப்பு. பம்புக்குப் போடறது, பிரேக்குக்கு ஆகாது. நேத்து உக்கடத்துல ஒரு கொழந்த மேல ஏத்தப் பாத்தேன்."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மேளம்கூட நின்றுவிட்டது. மாப்பிள்ளை சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. என் தோளில் கை போட்டுக் கொப்பரைக் களத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"எனக்குத் தெரியுமுங்க மச்சான்" என்றார் மெதுவாக. "பத்து நாளா புடிச்சுட்டுத்தான் நிக்குது. மாட்டுச் சந்தைக்கிட்ட ஒருத்தரு மேல உடப் பாத்தேன்."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"உங்க கைப்பட செஞ்சு குடுத்தது. வசந்தி பொறந்த ஊட்டுலருந்து வந்ததக் குறை சொல்லலாமுங்களா? மெதுவா ஓட்டுனா வந்துரும்னு பாத்தேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக வாயில் வந்ததையெல்லாம் பேசி என்னைக் கேலி செய்த மனிதர், சொல்லியே தீர வேண்டிய ஒன்றில் மரியாதை பார்த்திருக்கிறார். நானாவது என் மானத்துக்குப் பயந்தேன். இவர் என் மானத்துக்குப் பயந்து பெற்ற மகளை ஏற்றத் துணிந்திருக்கிறார். கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை. அப்படியே களத்து மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்தால் வசந்தி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"எம் புள்ளைய ஏத்தி அனுப்பிச்சுட்டு, ரெண்டு பேரும் மருவாதியா நின்னிருப்பீங்க, ஏனுங்ணா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் காரில் காவ்யாவை ஏற்றினாள். தனத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டாள். தாய்மாமன் நான் டிராக்டரில் பின்னாலேயே வந்தேன். ஓட்டியது மாப்பிள்ளை.

பட்டம் கட்டியாயிற்று. முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. காவ்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை போலிருக்கிறது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தாலி கட்டியாயிற்று. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எல்லோரும் இருக்கிறார்கள்.

பந்தியில் என்னையும் சிவக்குமார் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முறைக்கு வசந்தியே நெய் வாளியோடு வந்தாள். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவள், எங்கள் இரண்டு இலையை மட்டும் தாண்டிப் போனாள். மாப்பிள்ளை கூப்பிட வாயெடுத்தார். வேண்டாம் என்று அவர் தொடையில் தட்டினேன். வெறும் பருப்புச் சோற்றைப் பிசைந்தோம்.