எட்டாவது பாட்டின் நடுவே ஒரு பந்தி அறிவிப்பு

அக்கா,

மழை பிடித்ததும் ரெக்கார்டிங் அறையின் சுவர் வாடையடிக்கிறது. எதிரொலி வரக்கூடாது என்று நான் சுவரெல்லாம் அடித்து வைத்த தோல் துண்டுகள். ஷூ கம்பெனியில் கழித்துப் போட்டவை. கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், அறை முழுக்கத் தோலும் பசையும் கலந்த வாடை. இங்கே பாட வருகிற எல்லாரும் மூக்கைச் சுளிப்பார்கள். நீங்கள் மட்டும் வாசலில் நின்று நன்றாக இழுத்து மூச்சு விட்டீர்கள்.

"ஆம்பூர்ல பொறந்தவளுக்கு இது சென்ட்டுடா."

"சென்ட் இருக்கட்டும். வளையலக் கழட்டுங்க, மைக்ல சத்தம் வுழும்" என்றேன். நமக்குள் மரியாதை அந்த அளவில்தான் ஆரம்பித்தது.

உங்கள் மகன் இன்று வருகிறார். முதல் ஏழு பாட்டை முன்பே அவருக்கு அனுப்பிவிட்டேன். நாம் பதிந்த எட்டுப் பாட்டும் வெளியே போகுமா, இந்தக் கணினியிலேயே கிடக்குமா என்பது அவர் சொல்லப்போவதில் இருக்கிறது. "எம்புள்ள காதுல போட்டுட்டு வெளிய உடு" என்று நீங்கள்தான் விதி வைத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. ஆனால் ஆல்பம் உங்களுடையது.

ஆல்பம் போடணும் என்று நீங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நாற்பது வருஷம் ஆற்காட்டிலிருந்து ஜோலார்பேட்டை வரை கல்யாண மண்டபங்களில் மற்றவர் பாட்டைப் பாடியவர். அறுபது தாண்டிய குரல். பக்திப் பாட்டா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். அம்மா பாட்டா? அதுவும் இல்லை.

"ஆடற பாட்டு. நானே எழுதுனது. கேக்குறவன் கால் சும்மா இருக்கக் கூடாது."

அந்தப் பாட்டுகளைக் கச்சேரிகளில் நடுநடுவே நுழைத்துப் பாடியிருக்கிறீர்கள். 'ஜோலார்பேட்டை போற வழியில ஜோடியா ஒரு சோடா' பாடி முடித்தால் மாப்பிள்ளையின் தோஸ்துகள் மேடைக்கே வந்து எந்தப் படம் என்று கேட்பார்களாம். "படம் இன்னும் ரிலீஸ் ஆவல" என்பீர்களாம். நாற்பது வருஷம் ரிலீஸ் ஆகாத படம்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். வாரநாளில் தையல் மெஷின்களின் சர்க்யூட் போர்டு பார்ப்பேன். இந்த அறைக்குக் கீழேயும் ஷூ தைக்கிற யூனிட்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷின் ஓடாது என்பதால் அன்றுதான் நம் வேலை. உச்சத்தில் உங்கள் குரல் பிசிறியது. மென்பொருளில் நேராக்கிவிடலாம் என்றேன். "பிசிறு இருக்கட்டும். அது ஒண்ணுதான் கடன் வாங்காம எங்கிட்ட இருக்கறது" என்றீர்கள். சண்டை போட்டேன். நீங்கள் ஜாஸ்தி சண்டை போட்டீர்கள்.

ஆனால் என்னை உண்மையில் பேஜாராக்கியது வேறு. மண்டபத்தில் ஒரே மைக், அது பாடுகிறவர் கையில். சாப்பாட்டுக் கூடத்து வாசலிலிருந்து யாராவது கையைத் தூக்கிக் காட்டினால், பாட்டின் இடையிசையில் பந்தியை அறிவிப்பதும் பாடகியின் வேலை. நாற்பது வருஷப் பழக்கம். முதல் பாட்டிலேயே இடையிசை வந்ததும் ஹெட்போன் மாட்டிய நிலையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்:

"பந்தி ரெடி. இன்னும் சாப்புடாதவங்க வாங்க. சாப்ட்டவங்க குந்தி பாட்டக் கேளுங்க."

நான் நிறுத்தினேன். "யாருக்குக்கா பந்தி? இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"நீ சாப்ட்டியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா, வா" என்று டிபன் டப்பாவைத் திறந்துவிட்டீர்கள்.

இரண்டாவது பாட்டிலிருந்து, இடையிசை வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். பொத்திக்கொண்டே இடுப்பை ஆட்டுவீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏழு பாட்டு சுத்தமாக முடிந்தது.

எட்டாவதுக்கு, வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய் வந்த வாரத்தில் வந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாடினீர்கள். இடையிசையில் முந்தானை ஏறவில்லை. பந்தி ரெடி என்று வந்துவிட்டது. இன்னொரு டேக் என்றேன். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா" என்றீர்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள்.

இருப்பது அந்த ஒரு டேக்தான். அறிவிப்பை எடுப்பது ஒரு பொத்தான் வேலை, எடுத்தேன். எடுத்த பிறகு பாட்டு சரியாக இல்லை. அடுத்த சரணத்தின் முதல் சொல்லில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறது. அறிவிப்பு இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவனுக்குத் தெரியாது. சிரிப்பையும் எத்தனையோ விதமாக வெட்டிப் பார்த்தேன். இன்று காலை திரும்பச் சேர்த்துவிட்டேன். அதுதான் சரியான டேக். கீழே படி ஏறும் சத்தம் கேட்கிறது. அவர்தான்.

போய்விட்டார். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஆரம்பித்தார். "தம்பி, நான் ஒரு சூப்பர்வைசர். எங்கம்மா போட்டோ போட்டு, கீழ ஜோடியா சோடான்னு பாட்டு உட்டா, கம்பெனில என்னை இன்னா பேசுவான்? மெதுவா போற பாட்டு ரெண்டு இருக்குதில்ல, அது போதும். அஞ்சலி மாதிரி போட்டுடு."

"ரெண்டு பாட்டு ஆல்பம் இல்லண்ணே. அக்கா அழ வெக்கறதுக்கு வரல. எட்டும் போவட்டும், இல்லன்னா ஒண்ணும் வேணாம்."

"நீ யாருடா அதைச் சொல்ல?"

"ரெக்கார்ட் பண்ணவன். கடைசிப் பாட்ட நீங்க இன்னும் கேக்கல. கேட்டுட்டு வேணாம்னு சொல்லுங்க, நானே எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

அழித்திருப்பேனா? தெரியாது. ஆனால் சொன்னேன்.

ஹெல்மெட்டைக் கழற்றி ஹெட்போனை மாட்டினார். முதல் சரணம் வரை முகத்தில் ஒன்றுமில்லை. இடையிசை வந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தேன். பாட்டோடு நகரும் கோடு பந்தி ரெடி என்கிற இடத்தைக் கடந்தது. பாட்டு முடிந்தும் அவர் ஹெட்போனை எடுக்கவில்லை.

"அது எனக்கு சொல்றது" என்றார். "சின்னதுல எல்லா கச்சேரிக்கும் கூட்டினு போவும். கூப்புடாத வூட்டுப் பந்தியில அறிவிப்பு வராம குந்தக் கூடாதுன்னு கண்டிப்பு. பந்தி ரெடின்னு சொல்லிட்டு, ஓரக் கண்ணால என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கும். போய் சாப்புடுன்னு அர்த்தம்."

அந்தச் சிரிப்பைத்தான் நான் வெட்டப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பேரத்துக்கு வந்தார். "சரி, எட்டும் போடு. ஆனா அந்த சோடா பாட்டு மொதல்ல வேணாம். கடைசில வெச்சிக்க."

"அதான் மொதல் பாட்டு. அக்கா சொன்ன வரிசை."

"உனக்கு கொஞ்சம்கூட இறங்கி வரவே தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

"எங்கம்மா சொல்லும், அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுவான், ஆனா வேலைய கம்மி பண்ண மாட்டான்னு." படியில் பாதி இறங்கியவர் திரும்பிச் சொன்னார்: "உடு. எட்டையும் உடு."

வரும் ஞாயிறு விடுகிறேன், அக்கா. வரிசை மாறாது, பிசிறு மாறாது. படம் ரிலீஸ்.

இப்போதெல்லாம் யார் பாட வந்தாலும், மைக்கைச் சரிசெய்யும்போதே சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன். நான் கேட்பது திட்டுவது போல இருக்கிறதாம். இருக்கட்டும். இல்லை என்று சொன்னால் டப்பாவைத் திறந்த பிறகுதான் ரெக்கார்டிங்.