இரண்டாம் பக்கத்தின் காலி இடம்

பாவா,

இன்று காலை திருத்தணி வீட்டில் உங்கள் காவடிக் குழுவின் இசைத்தட்டை ஓடவிட்டேன். இரண்டாம் பக்கம் முடிந்து, ஊசி வெற்று வளையத்தில் டொக், டொக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஈரக் கையோடு வந்து கேட்டாள்: "இதுல உன் பாவா எங்கடா?"

கோரஸில் இருக்கிறீர்கள். அதைச் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏழு பேர், ஆளுக்கொரு பாட்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலையேறும்போது உங்கள் குழுவில் அதுதானே முறை? படி இறங்கும்போது பாடும் கடைசிப் பாட்டு உங்களுடையது. ஏழு நிமிடம், முழுக்கப் பம்பை அடி. அதையும் சேர்த்தால் இரண்டாம் பக்கம் இருபத்தெட்டு நிமிடம் ஆகிவிட்டது.

அரக்கோணத்தில் உங்கள் வெல்டிங் பட்டறையில் வைத்து, ஒலியைச் செப்பனிட்டுத் தட்டு வெட்ட அனுப்புகிறவன் என்ற முறையில், ஆகாது என்று சொன்னேன். நேரம் கூடினால் தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பம்பை போன்ற கனத்த ஒலிக்கோ பள்ளத்தில் அகலம் அதிகம் தேவை. போதாததற்கு, உள்ளே போகப் போகச் சுற்று சிறுத்துக் குரல் கரகரக்கும்.

"சத்தம் கம்மியா இருந்தா திருகி வெச்சிக்கினு கேக்கட்டும். கை இல்லயா அவங்களுக்கு?"

"திருகினா இரைச்சலும்தான் சேர்ந்து ஏறும் பாவா. ஒரு பாட்ட எடுங்க."

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "மத்தவன் பாட்டத் தொட்டா அடுத்த வருசம் எவனும் காவடி தூக்க வரமாட்டான். என்னுத எடுத்துடு மச்சான்."

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இருபத்தொரு நிமிடம். கணக்குச் சரியாக வந்துவிட்டது, அவ்வளவுதான் எனக்கு.

தட்டு வந்த அன்று அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்கள். லேபிளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வழவழப்பாக இருந்தது.

"இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே. என் பாட்ட இங்க போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா கேக்க சகிக்காது."

"ஆங், சரிங்க இன்ஜினியர் சார். என் கொரலுக்குக் காலி எடமே தேவலன்றீங்க." சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். தை மாதம் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள்.

தட்டு அருமையாக ஒலிக்கிறது. அதில் நான் சொன்னது தப்பில்லை. இப்போதும் அதையேதான் சொல்வேன். உங்கள் பாட்டு என் ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது.

போன வாரம் குழுவில் மற்ற ஆறு பேரும் வந்தார்கள். இன்னொரு முறை தட்டு போட வேண்டுமாம். "அண்ணன் பாட்டு இருக்கணும்" என்றார்கள். அந்தப் பக்கத்தின் மற்ற மூன்று பாட்டும் மங்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். பம்பைக்காரர் கையை ஆட்டி நிறுத்தினார். "எங்களுது கம்மியா கேட்டா கேட்டுட்டுப் போவுது, விடு தம்பி."

இன்று மதியம் உட்கார்ந்து முடித்துவிட்டேன். இரண்டாம் பக்கம் முழுக்க மூன்று டெசிபல் இறக்கியிருக்கிறேன். இறங்கும் பாட்டு என்பதால் உங்களுடையது கடைசியில், லேபிளை ஒட்டி, இருப்பதிலேயே மோசமான இடத்தில் வருகிறது. நீங்கள் ‘சண்முகா’ என்று இழுக்கும் இடமெல்லாம் கொஞ்சம் சீறும். தட்டு வெட்டுபவர் குறை சொல்வார். தெரிந்தேதான் அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டேன்.

சத்தம் போதாதவர்கள் திருகிக்கொள்ளட்டும், பாவா. கை இருக்கிறதே.