பலகையில் ஒட்டிய பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

ராகி அறுப்பு முடிந்ததா என்று கேட்க எனக்கு இன்று பொறுமையில்லை. வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வருகிறார்களென்று, பெண்கள் புகார்க் குழு என நான்கு பெயர்களைக் கார்மென்ட்ஸ் ஃபேக்டரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். என்னைக் கேட்காமலே என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

போன வாரம் சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா வேலைக்குப் புதிதாக வந்த சவிதாமேல் தப்பாகக் கை வைத்தான். அவளிடம் புகார் எழுதி வாங்கிக்கொண்டு, தையல் கூடத்துக்கு வந்த மேனேஜர் முன் நின்றேன்.

"ஏம்மா, அது ஆடிட்டுக்குச் சும்மா ஒட்டினது. போய் காலர் தை."

"ஒட்டினது நீங்க சார். புகார் வந்தா விசாரிச்சே ஆகணும், அது சட்டம். முடியாதுன்னா எழுதிக் குடுங்க, லேபர் ஆபீஸுக்கு நானே கொண்டுபோறேன்."

"தலைவி வந்தாச்சு, எழுந்து நில்லுங்கடி!" என்று பக்கத்து மெஷின் கெம்பம்மா கிண்டலடித்தாள். ஆனால் எல்லோரும் உண்மையிலேயே எழுந்து நின்றார்கள். ஒரு மெஷினும் ஓடவில்லை. மேனேஜர் புகாரை வாங்கிக்கொண்டார்.

திங்களன்று விசாரணை தொடங்கியது. நஞ்சுண்டப்பாவிடம் முதல் கேள்வி கேட்டது நான்தான். என் குரல் நடுங்கவில்லை அக்கா. முடிவு வரும்வரை அவன் எங்கள் வரிசைப் பக்கம் வரக் கூடாது.

அவன் வரிசையில் தைத்துக்கொண்டிருந்த நீ ஏன் திடீரென்று வேலையை விட்டு ஊருக்குப் போனாய் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. வியாழனன்று சாட்சிகளைக் கூப்பிடுகிறோம். வேலையை விட்டவர்களும் வரலாம் என்று நோட்டீஸில் எழுத வைத்திருக்கிறேன். நீ பேசினால், எதிரே உட்கார்ந்து கேட்பவள் நானாக இருப்பேன்.

வியாழனன்று ஃபேக்டரி வாசலில் காத்திருக்கும்,
உன் தங்கை