கிணற்றங்கரை அத்தியாயம்

திண்டிவனம்
10-2-84

அன்புள்ள அம்சாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உன் கார்டு கிடைத்தது. திருப்பித் திருப்பிப் படித்தேன். "தொடர்கதை முடிவு நன்றாக இருந்தது. எல்லோரும் நல்லவர்கள்." அவ்வளவுதானா? ஒரு வருஷமாக வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, நூல் போட்டுத் தைத்து, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினேனே, அதற்கு இவ்வளவுதான் அபிப்பிராயமா?

எனக்கு முடிவு பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தில்லைநாயகி குடத்தோடு கிணற்றங்கரைக்குப் போகிற இடத்தில் அழுதுவிட்டேன். குடம் மட்டும் மிதக்கிறது என்று கதையை முடித்திருந்தது எனக்குப் பெரிய எழுத்தாகப் பட்டது. ஆனால் நீ என்னைக் கிழித்துப் போடுவாய் என்று காத்திருந்தேன். "பொம்பளைய என்ன பண்றதுன்னு தெரியலன்னா கெணத்துல தள்ளிட்றானுங்க, கதை எழுதறவனுங்க" என்று ஹாஸ்டலில் என் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து பேசிய அம்சா எங்கே போனாள்? முகத்துக்காகப் புகழக்கூடாது என்று விதி போட்டவளே நீதான். மோர்க்குழம்பு நன்றாக இல்லை என்றால்கூட விடுதி சமையல்காரரிடம் நேராகச் சொல்கிறவள்.

தில்லைநாயகியின் புருஷன் ராமபத்திரனைப் பற்றி நீ எழுதியதை நினைத்து இன்றைக்கும் சிரித்தேன். தட்டை விட்டெறிந்துவிட்டு அதே வாயால் மறுசோறு கேட்கிறான், எங்கள் வீட்டு ஆசாமியை அச்சில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. அதுதான் அபிப்பிராயம். அந்தக் காரம் இந்தக் கார்டில் எங்கே?

வேறு ஏதாவது கவலையா? கையெழுத்துகூட உன்னுடையது போல இல்லை. பதில் போடு. நீளமாகப் போடு. திட்டியாவது போடு.

என்றும் உன்,
இருதயமேரி


திண்டிவனம்
2-3-84

மதிப்பிற்குரிய சுப்பராயலு அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நெய்வேலியில் தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை நினைவிருக்கும். தங்கள் தங்கை அம்சாவோடு கல்லூரியில் படித்தவள். அப்போது லீவில் பிரம்மதேசம் தங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அம்சாவிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே விழுப்புரம் போனேன். மாப்பிள்ளை சீனுவாசன் உரக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். வீட்டில்தான் இருந்தார். மரியாதையாக நாற்காலி போட்டார். "வாங்க டீச்சர். உங்க சிநேகிதிக்கு இப்பல்லாம் கதை ஒத்துக்கறதில்ல. படிச்சா தலைய சுத்திக்கினு வருது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டு ஆசாமின்னு எழுதியிருந்தீங்களே, அது நான்தான். அச்சுல பாத்தீங்க. இப்ப நேர்லயும் பாத்துக்குங்க" என்றார்.

அண்ணா, அம்சா எனக்கு வேடிக்கையாக எழுதியதை நான் வேடிக்கையாகத் திருப்பி எழுதியிருந்தேன். அந்த இன்லண்டு கடிதம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. கதையைப் பற்றிப் பேசுகிற சந்தோஷத்தில் நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அவளுடைய புத்தக அலமாரி காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டதற்கு அவள் மாமியார் வீரம்மாள் அத்தை, "வெந்நீர் அடுப்புக்குப் பூடுச்சி. எரிஞ்சிது பாரு, தேங்கா மட்டைகூட அப்படி எரியாது" என்றார்கள். அம்சா காபி கொண்டுவந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். டம்ளரை வாங்கும்போது முந்தானை விலகியதில் பார்த்தேன், மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. கால் வழுக்கி விழுந்தாளாம். அவள் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

எங்களைத் தனியாக விடவே இல்லை. கிளம்பும்போது அம்சா ஒன்றே ஒன்று பேசினாள். "கெணத்தண்ட போற அத்தியாயம்தான் எனக்கு ரொம்ப புடிச்சிது மேரி. அதவிட நல்ல முடிவு கெடையாது."

இது தங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். நாங்கள் படித்த தொடர்கதையில் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி கிணற்றில் விழுந்து சாகிறாள். அப்படிப்பட்ட முடிவுகளை அம்சா இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறவள். அவள் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வந்தபோது எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசல்வரை வந்த அத்தை, "எப்பப் பாரு பொறவாசல் கெணத்தடியிலயே குந்திக்கினு இருக்கா. கூப்டா காதுல வுழறதில்ல" என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

பிள்ளை இல்லையென்று குத்திப் பேசுவது பழைய விஷயம், தங்களுக்கே தெரியும். இப்போது கை நீட்டுகிறார். தயவுசெய்து நேரே அந்த வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். சென்ற ஆடியில் தாங்கள் போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு அவளை ஒரு வாரம் வெளியே விடவில்லையாம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அத்தைக்கு வருஷாவருஷம் பங்குனி உத்திரத்தன்று மயிலத்தில் முடி காணிக்கை. துணைக்கு அம்சாதான் போவாள். மாப்பிள்ளைக்குக் கூட்டம் ஆகாது, வரமாட்டார். அத்தை கத்திக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டால் பாதியில் எழுந்திருக்க முடியாது. அந்த நேரம்தான் நமக்கு. மொட்டை போடுகிற கொட்டகைக்குப் பின்னால் புளியமரம் இருக்கிறது. தாங்கள் அங்கே ஒரு கறுப்புக் குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அவள் வந்தால் ஒன்றும் பேசாமல் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றி என் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் சவுரிராயனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் பயம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவளுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதுதான் கஷ்டம். நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இனி அவர் படிப்பார். ஆனால் அவர் அந்தக் கதையைப் படித்ததில்லை. நானும் அம்சாவும் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறோம். ஆகவே கதையில் இல்லாத ஓர் அத்தியாயத்தை இருப்பதாக எழுதப்போகிறேன். எனக்குப் பிடிக்காததையெல்லாம் பிடித்ததாக எழுதுவேன். அவளுக்குப் புரியும். புரிய வேண்டும் என்று ஜெபம் செய்கிறேன்.

வருவதாக இருந்தால் "தேங்காய் கிடைத்தது" என்று ஒரு கார்டு போடுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

தங்கள் சகோதரியாக,
இருதயமேரி


திண்டிவனம்
9-3-84

அன்புள்ள அம்சாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் நலம். உன் வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். அன்றைக்கு என்னை அவ்வளவு மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்கள். போன கடிதத்தில் நான் விளையாட்டாக ஏதோ எழுதிவிட்டேன். அது உன் வார்த்தை இல்லை, என் கற்பனை என்று அவரிடம் சொல்லி, நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்.

வந்ததிலிருந்து, வாராவாரம் நீ படித்துவிட்டுத் திருப்பியனுப்பிய நம் தொடர்கதையை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். என் அபிப்பிராயம் முழுக்க மாறிவிட்டது. ராமபத்திரனைப் போலப் பொறுமையான புருஷன் யாருக்குக் கிடைப்பான்? தட்டை எறிந்தால் என்ன, கோபம் இருக்கிற இடத்தில்தானே குணம் இருக்கும். இதை நாம் முதலில் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் முகத்துக்காகப் புகழ்கிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது தேர்த்திருவிழா அத்தியாயம். உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தில்லைநாயகி மாமியாரோடு திருவிழாவுக்குப் போகிறாள். மாமியார் எழுந்திருக்க முடியாதபடி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அப்போது பின்னால் புளியமரத்தடியில் தில்லைநாயகியின் அண்ணன் நிற்கிறான். அவ்வளவு வெயிலிலும் குடையை விரிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூப்பிடவில்லை. கையசைக்கவில்லை. அவள் தானாக வருவாளா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறான். பழைய சிநேகிதி ஒருத்தி பக்கத்து ஊரில் உலை வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் தில்லைநாயகி என்ன செய்கிறாள்? அண்ணனைப் பார்த்தும் பார்க்காதவள் போல மாமியாரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். எவ்வளவு அடக்கம். குடும்பப் பெண் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் பாராட்டுகிறேன்.

நீ எப்போதும் என் அபிப்பிராயத்துக்கு நேர் எதிராகத்தான் பேசுவாய். கல்லூரியில் ஒருநாளாவது என்னோடு ஒத்துப்போயிருக்கிறாயா? அந்தப் பழக்கம் உன்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.

மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம். சந்தையில் மல்லாட்டை புதிதாக வந்திருக்கிறது. வாங்கி, ஓடு உடைத்து, கடலையை வறுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று ஒரு கார்டு வந்தது. கேட்டிருந்த தேங்காய் கிடைத்துவிட்டதாம்.

அத்தையின் வேண்டுதலுக்கு நீ கட்டாயம் துணைக்குப் போக வேண்டும். பெரியவர்களைத் தனியே அனுப்பக்கூடாது. உடம்பு முடியவில்லை என்று நின்றுவிடாதே.

இன்னொன்று. தொடர்கதையை முழுசாகச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு முடித்துவிட்டேன். கிணற்றங்கரை அத்தியாயத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை. நான் அழுத அத்தியாயம்தான். இப்போது அதைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய அம்சா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. அது இல்லாமலே புத்தகம் நன்றாக இருக்கிறது. கடைசியில் வெற்றுத்தாள் சிலவற்றைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பின்வாசலில் அதிக நேரம் உட்காராதே, அம்சா. அங்கே காற்று நல்லதல்ல.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
இருதயமேரி